புவியியல் வகுப்பு: மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை புவியியல் படிக்கும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், புதிதாக இந்தப் பாடத்தை எடுக்க வந்திருக்கும் ஆசிரியர்கள் என மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வருகின்றன. வேறு பக்கத்துக்காரர்கள் தங்கள் ஊர் மலையையும் ஆற்றையும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இயற்கைப் புவியியல், மானுடப் புவியியல்: என்ன வித்தியாசம்?

மலை, மண், காற்று, மழை, கடல் என்று மனிதர் இல்லாவிட்டாலும் இருக்கக்கூடியவை முதல் வகை. ஊர், பயிர், தொழில், சாலை, மக்கள்தொகை, பிழைப்புக்காக இடம்பெயர்வது என்று மனிதரால் வந்தவை இரண்டாம் வகை. என்சிஇஆர்டி பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பில் இயற்கைப் புவியியல், 12இல் மானுடப் புவியியல். நம் மாநிலப் பாடநூலும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகிறது.

இந்தப் பிரிப்பு புத்தகம் போடுவதற்கு வசதியானது. ஆனால் எந்த ஊரும் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. ஒரு வருடம் முழுக்க மழையைப் பற்றிப் படித்துவிட்டு, அடுத்த வருடம் முழுக்க மனிதரைப் பற்றிப் படித்தால், மழைக்கும் மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும்போது பிள்ளை விழிக்கத்தான் செய்யும்.

இரண்டும் சேர்ந்து வரும் உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

தென்கோடியில் மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம்: ஆரல்வாய்மொழி, தூத்துக்குடி, சிவகாசி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்கிறது, ஈரம் மழையாகக் கேரளப் பக்கம் கொட்டுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று சூடாகிவிடுவதால், மிச்சமிருக்கும் ஈரத்தையும் மழையாக விடுவதில்லை. இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

ஆனால் மலைத்தொடரில் இடைவெளி இருக்கும் இடங்களில் காற்று நெருக்கிக்கொண்டு வேகமாகப் பாய்கிறது. அப்படி ஓர் இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதன் வாயிலில் இருக்கும் முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகள் எல்லாம் இதே பருவக்காற்றை நம்பி நிற்பவை. மழை தராமல் போகும் காற்று மின்சாரம் தந்துவிட்டுப் போகிறது.

அப்புறம் தூத்துக்குடி. ஆண்டு மழையில் பெரும்பங்கு அங்கே அக்டோபர் முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றும்தான். விவசாயிக்கு அது கஷ்டம், உப்பளத்துக்கு அதுதான் மூலதனம். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடிப் பக்கத்து உப்பு.

மூன்றாவது சிவகாசி. "வறண்ட ஊர், அதனால் பட்டாசுத் தொழில் வந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மாணவர்கள் நகர்ந்துவிடுவார்கள். நான் விடமாட்டேன். ராமநாதபுரமும் வறண்ட பூமிதானே, அங்கே ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியில்தான் மானுடப் புவியியல் உள்ளே வருகிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். முதல் போட உள்ளூரிலேயே வணிகர்கள் இருந்தார்கள். மானாவாரி விவசாயம் கைவிட்டதால் குறைந்த கூலிக்கும் வேலைக்கு வர ஆட்கள் இருந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சுத் தொழில் வந்தது. இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் சிவகாசியில் அச்சானதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குச்சியும் காகிதக் குழாயும் காய வெயில் உதவியது, அவ்வளவுதான். தொழிலைக் கொண்டுவந்தது வெயில் அல்ல.

"ஏன் இங்கே? ஏன் அங்கே இல்லை?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கோயம்புத்தூரும் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள். அப்புறம் ஏன் ஜூன், ஜூலையில் அவ்வளவு குளிர்ச்சி?

பாலக்காட்டுக் கணவாய் காரணம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுப்போயிருக்கிறது. கேரளத்தின் ஈரக்காற்று அந்த வழியாக உள்ளே வருகிறது. ஆனால் காற்று மழையாக மாற அது மேலே ஏற வேண்டும். கணவாயில் ஏறுவதற்கு மலை இல்லை. அதனால் மேகமும் காற்றும் லேசான சாரலும் கிடைக்கின்றன, கனமழை கிடைப்பதில்லை. கணவாய்க்குத் தெற்கே மலை மேல் இருக்கும் வால்பாறையில் அதே மாதங்களில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றும்.

மாணவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது எது?

முதலிடம் கோடைக்காலத்துக்கு. "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை" என்று நன்றாகப் படிக்கும் பிள்ளையே எழுதும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிக் குளிரில் இருக்கும்போது. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பது. தேதியைச் சொன்னால் போதும், வகுப்பே ஒரு நிமிடம் வாயடைத்துப்போகும்.

அடுத்தது "பருவமழை" என்பதை மழை என்று மட்டும் நினைப்பது. அது காற்று. திசை மாறும் காற்று. மழை அதன் விளைவு. இது புரியாவிட்டால் ஒரே பருவக்காற்றில் மங்களூர் நனைவதும் மதுரை காய்வதும் புரியாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைப்பது. நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குதான் முக்கியம். இந்தியப் பொதுப்பாடத்தைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் தமிழ்நாட்டுப் பிள்ளை குழம்புவதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது, நிலவரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால், ஆறு எல்லாம் தெற்கே "கீழே" ஓடும் என்ற எண்ணம். நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்றால் நம்ப மறுப்பார்கள். உயரமான இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு ஓடுகிறது, திசை எதுவானால் என்ன?

சமவுயரக் கோடுகள் புரியவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?

ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பதுதான் சமவுயரக் கோடு. ஒரு பெரிய உருளைக்கிழங்கு வாங்குங்கள். ஒழுங்கான உருண்டை வேண்டாம், கோணல்மாணலாக ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருப்பதுதான் நல்லது. நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இதுதான் மலை. மேலிருந்து கீழே வரை இரண்டு ஈர்க்குச்சிகளைச் செருகி எடுத்து இரண்டு துளைகள் போடுங்கள். பிறகு அடியிலிருந்து ஒரே கனத்தில், அரை அங்குலத்துக்கு ஒன்றாக, படுக்கைவாட்டில் துண்டு போடுங்கள்.

அடித்துண்டைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரையுங்கள். துளைகள் வழியாகத் தாளில் இரண்டு புள்ளி வையுங்கள். அந்தத் துண்டை எடுத்துவிட்டு அடுத்த துண்டை அதே புள்ளிகளில் பொருத்தி வரையுங்கள். உச்சித்துண்டு வரை இப்படியே. முடிந்ததும் தாளில் இருப்பது சமவுயரக் கோடுகள். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருக்கமாகவும், சரிவான பக்கத்தில் தள்ளித் தள்ளியும் விழுந்திருக்கும்.

இன்னொரு கிழங்கில் ஸ்பூனால் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் தோண்டிவிட்டு இதையே செய்து பாருங்கள். பள்ளத்தாக்கு வரும் இடத்தில் கோடு உச்சியை நோக்கி உள்ளே வளையும். புத்தகத்தில் மனப்பாடம் செய்தால் மறந்துபோகிற இந்த விதி, கிழங்கில் பார்த்தால் மறக்காது. மீதிக்கிழங்கு மதியம் பொரியலுக்கு ஆகும்.

நிலக்குறியீட்டு வரைபடம் எங்கே கிடைக்கும்?

எல்லோரும் டோப்போஷீட் என்றுதான் சொல்கிறோம். 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை வெளியிடுவது. அதன் இணையதளத்தில் பதிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். வகுப்புக்கு 1:50,000 அளவை உள்ளது போதும். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறம் சமவுயரக் கோடு, நீலம் நீர், பச்சை காடு, மஞ்சள் விளைநிலம், சிவப்பு குடியிருப்பும் சாலையும். உங்கள் ஊர் இருக்கும் தாளையே எடுங்கள். ஊர்க் கோயிலையும் கண்மாயையும் அதில் கண்டுபிடித்த பிள்ளை பிறகு அந்தத் தாளை விடாது.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணி 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில், வில்லியம் லாம்டன் அளந்த சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டில்தான் (தரையில் நேரடியாக அளந்த முதல் கோடு) தொடங்கியது. பின்னாளில் எவரெஸ்டின் உயரம் வரை போன கணக்கு அது.

எங்கள் பள்ளியில் கருவி எதுவும் இல்லை. காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

இரண்டு சொல்கிறேன்.

முதலாவது மழைமானி. நேரான பக்கங்கள் உள்ள தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், சிறு கற்களைப் போட்டு நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மேலே மில்லிமீட்டர் அளவைத் தாளை ஒட்டுங்கள். மரத்தடி, சுவரோரம் வேண்டாம், திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுத வேண்டும், வானிலைத் துறை எடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

எண்ணை எழுதியதோடு விடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் மைதானத்தில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 40,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்கும் மேல் வந்து கொட்டிய கணக்கு. அவ்வளவும் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டே பள்ளியைச் சுற்றி வந்தால், அந்த நடையே ஒரு பாடவேளைக்குப் போதும்.

இரண்டாவது, குச்சி நிழல். ஒரு குச்சியைத் தரையில் நேராக நட்டு (நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேர் பாருங்கள்), காலை 11.30 முதல் ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம்தான் உங்கள் ஊரின் நண்பகல். அது கடிகாரத்தின் 12 மணியாக இருக்காது, ஏனென்றால் நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் ஆகும், அதனால் ஒரே நாளில் இரண்டு ஊரில் செய்வது நல்லது. சென்னைப் பள்ளி ஒன்றும் கோவைப் பள்ளி ஒன்றும் போனில் பேசிவைத்துச் செய்தால், கோவையின் நண்பகல் சுமார் 13 நிமிடம் பிந்தி வரும். அதை நான்கால் வகுத்தால் இரண்டு ஊருக்கும் உள்ள தீர்க்கரேகை வித்தியாசம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் நிழலே விழாத நாளும் வரும்.

களப்பயணத்துக்கு அனுமதி, பஸ், செலவு எதுவும் நடக்காது. மானுடப் புவியியலை எப்படிக் காட்டுவது?

ஊர்ப் பேருந்து நிலையம் போதும். நேர அட்டவணைப் பலகை முன்னால் ஒரு நோட்டோடு நில்லுங்கள். எந்த ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேருந்து என்று எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று போகும் ஊர், மணிக்கு ஒன்று போகும் ஊர், காலையும் மாலையும் மட்டும் போகும் ஊர் என்று தானாகவே மூன்று நான்கு அடுக்குகள் விழும். அவற்றை நிலவரைபடத்தில் தடித்த கோடு, மெல்லிய கோடு என வரையுங்கள். உங்கள் ஊர் எந்தப் பெரிய ஊரைச் சார்ந்திருக்கிறது, எந்தச் சிற்றூர்கள் உங்கள் ஊரைச் சார்ந்திருக்கின்றன என்று தெரியும். ஜெர்மானியர் வால்டர் கிறிஸ்டாலர் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை வைத்து 1933இல் சொன்ன மைய இடக் கோட்பாட்டின் சாரம் இதுதான். 12ஆம் வகுப்பில் அந்த அறுகோணப் படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் முதலில் பேருந்துப் பலகையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

வாரச் சந்தையிலும் இதைச் செய்யலாம். காய்கறி விற்பவரிடம் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று கேட்டு எழுதினால் சந்தையின் எல்லை கிடைக்கும். வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் கேட்காதீர்கள், பதில் வராது, திட்டு வரும்.

மக்கள்தொகை எண்கள் எல்லாம் 2011இல் எடுத்தவை. இன்னும் அதையே படிக்க வேண்டுமா?

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் தேர்வுக்கு இன்னும் அதுதான். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, சதுர கிலோமீட்டருக்கு 555 பேர், எழுத்தறிவு சுமார் 80 சதவீதம், நகரங்களில் வாழ்பவர்கள் 48 சதவீதத்துக்கும் சற்று மேல். இவற்றை மனப்பாடம் செய்வது தவறில்லை, அதோடு நிறுத்துவதுதான் தவறு. சராசரி 555 என்றால் சென்னையில் 26 ஆயிரத்துக்கும் மேல். நீலகிரியில் 2001க்கும் 2011க்கும் இடையில் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

எண்ணை விட வரையறை சுவையானது. கணக்கெடுப்பில் ஓர் இடத்தை நகரம் என்று சேர்க்க மூன்று நிபந்தனை: குறைந்தது 5,000 பேர், வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். பெண்களின் வேலை ஏன் இந்தக் கணக்கில் வரவில்லை என்று எந்த வகுப்பிலும் ஒரு மாணவியாவது கேட்பார். கேட்கட்டும்.

ஐந்திணையை இந்த வகுப்பில் சொல்லலாமா?

சொல்லலாம், அளவோடு. நிலம், பொழுது, மரம், விலங்கு, தொழில், உணவு எல்லாவற்றையும் ஒரே கட்டில் வைத்துப் பார்த்தது தொல்காப்பிய மரபு. ஆனால் அது பாட்டு எழுதுவதற்கான இலக்கணம், நில அளவை அறிக்கை அல்ல. பாலையைத் தார்ப் பாலைவனத்தோடு முடிச்சுப்போடும் விடைத்தாள்களைப் பார்த்தால் தமிழாசிரியர், புவியியல் ஆசிரியர் இருவருக்கும் தலைவலி.

வெள்ளம் எந்தப் பாடம்? இயற்கையா, மானுடமா?

2015 டிசம்பர் முதல் தேதி ஆரம்பித்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அது இயற்கை. அந்தத் தண்ணீர் போக வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடமும் குப்பைமேடும் இருந்தது, ஏரிகளை இணைக்கும் கால்வாய்கள் அடைபட்டது, அடையாற்றின் கரையில் வீடுகள் நெருங்கியது எல்லாம் மானுடம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பதும் உண்மை. ஒவ்வொரு வெள்ளத்திலும் இரண்டின் விகிதம் மாறும். அதை எடைபோடச் சொல்லிக் கேட்பதுதான் நல்ல கேள்வி. இயற்கை மனிதரைத் தீர்மானிக்கிறது என்ற புவியியலாளர் ராட்செல் தரப்பையும், இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது, தேர்ந்தெடுப்பது மனிதர் என்ற விடால் தெ லா பிளாஷ் தரப்பையும் இந்த இடத்தில் சொன்னால் மண்டையில் ஏறும். தனிப் பாடமாக நடத்தினால் தூக்கம்தான் வரும்.

நிலவரைபடக் கேள்வியில் மதிப்பெண் எங்கே போகிறது?

காவிரியில் போகிறது! ஒகேனக்கல்லிலிருந்து தெற்கே மேட்டூர், பவானி, ஈரோடு வரை இறங்கி, அங்கிருந்துதான் கிழக்கே திரும்பிக் கரூர்ப் பக்கமாகத் திருச்சி, கல்லணை, பூம்புகார் போகிறது. பலரும் மேற்கு எல்லையிலிருந்து கடலுக்கு ஒரே நேர்க்கோடாக இழுத்துவிடுகிறார்கள். முதலில் இந்த ஊர்களுக்குப் புள்ளி வைத்துவிட்டு ஆற்றை வரையுங்கள். மண் வகை, பயிர்ப் பகுதி கேட்டால் ஊர்ப் பெயர் எழுதாமல் பரப்பை நிழலிட்டுக் காட்டுங்கள். குறியீட்டு விளக்கத்தை மறக்காதீர்கள்.

கூகுள் மேப் இருக்கும்போது அட்லஸ் எதற்கு?

வழி கேட்கப் போன் போதும். ஆனால் அதில் ஊரைச் சுற்றியுள்ள மண்ணும் மழையளவும் மக்களடர்த்தியும் பக்கம் பக்கமாக வருவதில்லை. இன்னொன்று, நாம் வழக்கமாகப் பார்க்கும் உலகப் படங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் 14 மடங்கு. நம் நாடே கிரீன்லாந்தைப் போல் ஒன்றரை மடங்கு பெரியது. ஒரு பூகோள உருண்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளத்தையும் பழகிக்கொள்ளலாம், இலவசம்.

படித்தால் வேலை உண்டா?

உண்டு. ஆசிரியர் வேலை, போட்டித் தேர்வுகள் தவிர, ஜிஐஎஸ் (கணினியில் நிலவரைபடத் தகவல்களைக் கையாள்வது), தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தைப் படிப்பது), நகரத் திட்டமிடல் பக்கம் ஆள் தேவைப்படுகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் தனிப் படிப்பாகவே இருக்கிறது, அதற்குக் கணிதம் வேண்டும். கலைப் பிரிவில் வருபவர்களுக்கு அரசுக் கலைக் கல்லூரிகள் சிலவற்றில் இளநிலைப் புவியியல் உண்டு.

பெற்றோர் வீட்டில் என்ன செய்யலாம்?

டியூஷன் வேண்டாம். ஊருக்குப் போகும்போது பிள்ளைக்கு ஜன்னல் இருக்கையைக் கொடுங்கள். உதாரணமாகத் தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி. கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும். மலையேறிக் குமுளி போய்ச் சேர்ந்தால் ஏலக்காய், மிளகு, சரிந்த கூரைகள், ஈரக்காற்று. நடுவில் லோயர் கேம்ப் பக்கம் மலைச்சரிவில் பெரிய குழாய்கள் இறங்குவது தெரியும். மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை, பென்னிகுயிக் கட்டிய அணையில் தேக்கி, மலையைக் குடைந்து 1895 முதல் கிழக்கே திருப்பிவிடுகிறார்கள். அதுதான் வைகையில் சேர்ந்து மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. பயிர் எங்கே மாறியது, வீட்டுக்கூரை எங்கே மாறியது, காது எங்கே அடைத்தது என்று மூன்றை மட்டும் பிள்ளையைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அட்லஸை விரித்து அந்த மூன்று இடங்களையும் அவர்களே தேடட்டும்.